கையில் இருந்த கறுப்பு

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். துடுப்பு முதலில் தோளில் விழுந்ததா, கையில் விழுந்ததா என்று காந்திமதியிடம் ஒருமுறை கேட்டேன். "நீ கத்தவே இல்ல, அது மட்டும் நெனப்பு கீது" என்றாள். நான் கத்தியதாகத்தான் என் நினைவு.

மரக்காணத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். நானும் காந்திமதியும் ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலர்கள். உப்புசர்க்கரைப் பொட்டலம் கொடுப்போம், கர்ப்பிணிகளை ஊசிக்கு அழைத்துப்போவோம். 2004 ஆடியில் திண்டிவனத்தில் இரண்டு நாள் பயிற்சி. பெரிய விபத்து நடந்தால் அடிபட்டவர்களின் மணிக்கட்டில் துணி கட்ட வேண்டும். சிவப்பு என்றால் முதல் வண்டி. மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். கறுப்பு என்றால் உயிர் இல்லை, அல்லது மூச்சு இருந்தாலும் தேறாது, ஏற்றக்கூடாது. அந்த வகுப்பில் பாதிப் பேர் கையில் கறுப்பாகத் திருஷ்டிக் கயிறு இருந்தது. என் கையிலும் இருந்தது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடல் உள்ளே வந்தது. ஃபைபர் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஆட்கள் மேல் ஏற்றிவிட்டுப் போனது. பிழைத்தவர்களைப் பள்ளிக்கூட வராந்தாவில் கிடத்தினோம். ஒருவன் வயிற்றில் கூரைக்கழி செருகியிருந்தது. பிடுங்காதே என்று நான் சொல்லச் சொல்ல அவன் மனைவி பிடுங்கிவிட்டாள். நான் அவளை அறைந்தேன். அதுவரை யாரையும் நான் அடித்ததில்லை.

சிவப்புக்கு ஒரு ரவிக்கைத் துணியையும் கறுப்புக்குக் குடைத்துணியையும் கிழித்துக்கொண்டோம். வண்டி என்று வந்தவை இரண்டு உப்பு லாரிகள்தான். பலகையெல்லாம் உப்பு. பிளந்த காயத்தோடு அதில் படுத்தவர்களின் அலறல் இப்போதும் கேட்கிறது.

முதல் லாரிக்கு ஆட்களை எடுக்கும்போது நான் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் தெரிந்த முகங்கள், பார்த்தால் நின்றுவிடுவேன். தாண்டவராயன் மாமாவின் மகள் துர்கா சேறாகக் கிடந்தாள். மணிக்கட்டில் கறுப்பு. காந்திமதி கட்டியிருப்பாள் என்று நினைத்துத் தாண்டிப்போனேன். லாரி போய்விட்டது.

இரண்டாவது லாரி நிறைந்து நின்றபோது தாண்டவராயன் வந்தார். தோளில் துர்கா. வெட்டுப்பட்ட காலை இழுத்து, ஒரு துடுப்பை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

"யம்மா சூர்யகலா, மூச்சு கீது. ஜல்தியா ஏத்து."

"கறுப்பு மாமா. ஏத்தக் கூடாது. எறக்குங்க."

"இன்னா கறுப்பு?"

"கையில கட்டிக்கீது பாருங்க."

அவர் மகளை மண்ணில் கிடத்தி, அந்தக் கையைத் தூக்கிச் சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தார். ஒன்பது முடிச்சு போட்ட கயிறு.

"இது அவ ஆத்தா இரும்பைக் கோயில்ல கட்டிவுட்டது. கண்ணு படக் கூடாதுன்னு. துணி எது, கயிறு எதுன்னு தெரியாதாடி ஒனக்கு? இதுக்கா ரெண்டு நாளு திண்டிவனத்துல போண்டா தின்னுக்கினு குந்திக்கினு இருந்தீங்க?"

"மாமா, எடமே இல்ல..."

துடுப்பு என்மேல் இறங்கியது. இரண்டு முறை. தடுக்க வந்த டிரைவர் விருத்தாசலத்தின் வாயில் மூன்றாவது. பிறகு தாண்டவராயன் லாரியில் ஏறி, ஓரத்தில் கிடந்த அப்பாதுரையைக் காலைப் பிடித்து இழுத்தார். அப்பாதுரையின் தொடையில் படகு ஏறியிருந்தது. கையில் நான் கட்டிய சிவப்பு. அவரும் தாண்டவராயனும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள்.

"யோவ் தாண்டவா, நான்யா."

"தெரியும்யா. நீ அம்பது வருசம் இருந்துட்ட. அவளுக்குப் பத்தொம்போது."

அப்பாதுரை மண்ணில் விழுந்தார். அவருடைய பங்காளிகள் கல்லெறிந்தார்கள். தாண்டவராயன் மகளைத் தூக்கி லாரியில் போட்டு, அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். கல் அவர் மண்டையில் படும் சத்தம் ஈரமாகக் கேட்டது. அவர் அசையவில்லை.

விருத்தாசலம் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். "போவட்டா, நிக்கட்டா? நீ சொல்லுக்கா."

உடையாத கையை லாரிக்குள் நீட்டி துர்காவின் கழுத்தைத் தொட்டேன். துடிப்பு இருந்தது. கீழே அப்பாதுரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ," என்றேன்.

அப்பாதுரையின் தொடையை முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அடியில் மணல் சூடாக நனைந்துகொண்டே போனது.

"குடைத்துணி மீதி கீதா? கட்டிடு," என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

நான் கட்டவில்லை. அடுத்த வண்டி வருவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

துர்கா பிழைத்தாள். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தார்கள், இரண்டு பிள்ளைகள். அவள் அம்மாவின் உடல் கிடைக்கவில்லை. தாண்டவராயனுக்கு ஒரு காது கேட்காமல் போனது. கடலுக்குப் போகாமலே இருந்து 2009இல் இறந்தார். அப்பாதுரையின் மனைவி வடிவு என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. ‘போ’ என்று சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியும், ஒருநாளும் கேட்டதில்லை. காந்திமதி இந்த வேலையை விட்டுவிட்டாள். விருத்தாசலம் இன்னும் உப்பு லாரி ஓட்டுகிறான். 2011இல் ‘தானே’ புயல் வந்தது வரைக்கும் நான் வேலையில் இருந்தேன். அப்போது துணி கட்டவில்லை, நெற்றியில் சுண்ணாம்பால் எண் போட்டோம். இடது கையால் போட்டேன். வலது கை தோளுக்கு மேல் வராது.