இரண்டு கேன் கியர் ஆயில்

அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று பதினான்கு மாதம் ஆகியிருந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஒரு விருந்தில், தம்பியின் மாமனார் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இவனுக்கு வண்டியைப் பிரிக்கத்தான் தெரியும், சேர்க்கத் தெரியாது" என்று சொல்லித் தொலைத்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன்தான் தம்பி. அண்ணன் பஸ் டிப்போவில் ஃபிட்டர், தம்பி சொந்தமாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இருவருக்கும் தொழில் கையில், கோபம் மூக்கு நுனியில். இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்த பாவத்துக்கு, இந்தப் பதினான்கு மாதமும் தபால்காரி உத்தியோகம் பார்த்தவள் அவர்களுடைய சகோதரிதான்.

அவளிடம் ஒரு பழைய கார் இருந்தது. வளைவில் திருப்பினால் முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம், நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய்ப் பொட்டு. சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகளான இரண்டு முன் ஆக்சிலும் தேய்ந்துவிட்டன. அவை கியர்பாக்ஸுக்குள் நுழைகிற வாயில் எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் ஆயில் சீல்களும் போய்விட்டன. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவள் அந்தக் காரோடு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் நிற்க வேண்டும். மூன்று கிளினிக்குகளில் ரத்த மாதிரிப் பெட்டிகளை வாங்கி, ஒன்பது மணிக்குள் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. முதல் நாளே தாமதமானால் இரண்டாம் நாள் கிடையாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள். அந்த வேலையை நம்பி, பதினோரு வருடம் நின்றபடியே இஸ்திரி போட்ட சலவைக் கடைக்கு வெள்ளிக்கிழமையே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். பக்கத்துக்கு ஒருவர் என்றால் வேலை சீக்கிரம் முடியும் என்பது வெளியே சொன்ன காரணம். ஒரே காருக்கு அடியில் படுத்தால் எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டு கிடப்பார்கள் என்பது மனதுக்குள் இருந்த காரணம்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, ஜாக்கியை நம்பி உள்ள படுக்க வேணாம்னு. ஸ்டாண்டு வைக்கணும்," என்றார் அண்ணன்.

தம்பி இரண்டடி தள்ளித்தான் இருந்தான். காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அவள் திரும்பி, "ஸ்டாண்டு வெச்சியாடா?" என்றாள்.

"அப்பவே வெச்சாச்சுன்னு உன் அண்ணன்கிட்ட சொல்லுக்கா."

அண்ணன் இடது பக்கம், தம்பி வலது பக்கம். தம்பி முதலில் கியர்பாக்ஸின் கீழ் போல்ட்டைத் திறந்து, பழைய ஆயிலைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்தான். புது ஆயில் ஆளுக்கொரு கேன் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவரைக் கேட்டு இன்னொருவர் வாங்குகிற அளவுக்கு உறவு வாழவில்லை. சக்கரங்கள் இறங்கின, பெரிய நட்டுகள் முனகிக்கொண்டே கழன்றன, பழைய ஆக்சில்கள் கறுப்பு கிரீஸை அப்பிக்கொண்டு வெளியே வந்து விழுந்தன.

"புது சீல் விளிம்புல கிரீஸ் தடவிட்டு ஆக்சிலை நேரா உள்ள விடச் சொல்லு. சாய்ஞ்சா சீல் கிழிஞ்சிரும்."

"தடவாம விட நான் என்ன நேத்துப் பொறந்தவனான்னு கேளுக்கா."

அவள் திரும்பி, "தடவிட்டானாம்ணா," என்றாள். இப்படி முள்ளைக் கிள்ளிவிட்டுத்தான் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

புது ஆக்சில்கள் இரண்டும் உள்ளே போய் 'டக்' என்று உட்கார்ந்தன. அந்த நேரம் பார்த்துப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. எந்த கிளினிக் முதலில், எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், பெட்டியை வெயில் படாமல் எங்கே வைக்க வேண்டும் என்று கால் மணி நேரம் சொன்னார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து அத்தனையும் எழுதிக்கொண்டாள். "வண்டி நல்லா இருக்குல்ல?" என்று கேட்டபோது, "இப்பதான் ரெடியாச்சு சார்," என்றாள்.

வெளியே வந்தபோது கார் நான்கு சக்கரத்தில் நின்றது. இருவரும் அவரவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் குனிந்து காருக்கு அடியில் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு ஒழுகல. உன் தம்பி வேலை பரவாயில்லன்னு சொல்லு," என்றார். அவள் சொல்லாமலே தம்பியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. இன்னும் ஒரு மாதம், சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்த் தரையைத்தான் பார்த்தாள். துடைத்து வைத்தது போல் இருந்தது. இரண்டு கிளினிக்குகளில் பெட்டி வாங்கும்வரை கார் சமர்த்தாக ஓடியது. மூன்றாவதற்குப் போகிற வழியில் கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பித்தது. பிறகு ஒரு குலுக்கல், ஒரு முறிகிற சத்தம், அதோடு சரி. பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே திட்டினார்கள். கூடத்திலிருந்து வேறு ஆள் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனான். "நாளைலேர்ந்து வர வேணாம்மா" என்று போனில் மரியாதையாகவே சொன்னார்கள். சலவைக் கடைக்குப் போன் போட்டாள். அவள் இடத்துக்குக் காலையிலேயே ஆள் வந்துவிட்டதாம்.

காரை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டுப் போனார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் கீழே படுத்து, ஆயில் ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டார். விரல் காய்ந்து வந்தது.

அவர் எழுந்து, பதினான்கு மாதத்தில் முதல் முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். "நீ ஊத்தலையா?"

"நான் எதுக்கு ஊத்தணும்? துளை உங்க பக்கம்தானே இருக்கு? நீங்கதான் கேன் கொண்டு வந்தீங்களே, என் கேன் எதுக்குன்னு எடுத்து வெச்சுட்டேன்."

"வடிச்சவன்தான்டா ஊத்தணும்! நீயும்தானே கேன் கொண்டு வந்த? நீ உன் ஆயிலைத்தான் ஊத்தியிருப்பன்னு நெனச்சு என்னோடதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன்."

ஒழுகுவதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே ஒழுகும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கால் மணி நேரம். நடுவில் அவள் இல்லாத ஒரு கால் மணி நேரம். அதற்குள் "ஊத்தியாச்சா" என்று கேட்க, வாய் இருந்த இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு வாய் வரவில்லை.

அவர்கள் கத்தினார்கள். விருந்து வந்தது, மாமனார் வந்தார், பழைய கதை அத்தனையும் வாசலில் வந்து விழுந்தது. அவளுடைய வேலையை யாரும் கேட்கவில்லை. கத்திக் களைத்த பிறகு அண்ணன் குரலைத் தணித்து, "நம்மளைச் சொல்லி என்னடா? ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது இவதானே? ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சுது," என்றார்.

"அதுவும் சரிதாண்ணே," என்றான் தம்பி. அவள் பக்கம் திரும்பி, "நீ கேட்டிருக்கலாம்லக்கா? எல்லாத்தையும் கேட்டியே!" என்றான்.

பதினான்கு மாதம் கழித்து இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். அதற்குள் அவர்கள் இரண்டு தலையையும் பானெட்டுக்குள் விட்டு, பழைய கியர்பாக்ஸ் எங்கே கிடைக்கும், அண்ணனுக்குத் தெரிந்த ஆளா தம்பிக்குத் தெரிந்த ஆளா என்று சுமுகமாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். தம்பி ஏதோ சொல்ல, அண்ணன் சிரிக்கக்கூடச் செய்தார்.

"ஏம்மா அப்படி நிக்கிற? நாங்கதான் பேசிட்டோம்ல," என்றார் அண்ணன்.

அவள் போய் வாசல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"பேசிக்கிட்டே ரெண்டு பேரும் உங்க வீட்டுக்குப் போங்க," என்றாள்.