மருமகளுக்கு ஒளித்த பன்றி

வெள்ளிக்கிழமைக் கப்பலில் மெலெசீனி வருகிறாள் என்று தெரிந்ததும் கெலேபி வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். அக்கா மகள். டோங்காவில் அக்கா மகள் மாமன் வீட்டில் எதைத் தொட்டு "இது எனக்கு" என்றாலும் அது அவளுடையது. மாமன் பல்லைக் காட்டிக்கொண்டு எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். போன முறை ரேடியோவை, அது பாடிக்கொண்டிருக்கும்போதே தூக்கிப் போனாள். அதற்கு முந்தின முறை அவன் படுத்திருந்த பாய். அவனை எழுப்பி நிறுத்திவிட்டுச் சுருட்டிக்கொண்டாள்.

இந்த முறை கொல்லையில் பன்றி இருந்தது. இரண்டு வருடம் தேங்காயும் மரவள்ளியும் ஊட்டி வளர்த்த பன்றி. அடுத்த புதன்கிழமை தேவாலய விருந்தில் அவன் வீட்டுப் பந்தியில் அது முழுசாகக் கிடக்க வேண்டும். போன வருடம் அவன் வைத்த குட்டியைப் பார்த்து, "இது பன்னியா, பூனையா?" என்று எதிர்ப் பந்திக்காரர்கள் கேட்டது இன்னும் அவன் காதைக் குடைந்தது.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தான். பன்றியை ஓட்டிக்கொண்டு போய் மனைவியின் தம்பி பௌலியாசியிடம் கயிற்றைக் கொடுத்தான்.

"வச்சுக்கோ மாப்ள. இனிமே இது உன்னுது."

"எனக்கா? என்ன மச்சான், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"மெலெசீனிக்கு நான்தான் மாமன், நீ இல்ல. உன் கொட்டில்ல அவ கை வைக்க முடியாது. அவ கப்பலேறினதும் என் பொண்ணு வருவா. அவளுக்கு நீதானே மாமன்? 'எனக்கு வேணும்'னு கேப்பா. குடுத்துடு."

பௌலியாசி வாயைப் பிளந்தான். "அடேங்கப்பா! நீங்க அரசாங்கத்துல இருக்க வேண்டிய ஆளு."

மெலெசீனி வந்தாள். மாமன் கன்னத்தில் மோந்து முத்தமிட்ட கையோடு கொல்லைக்குப் போனாள்.

"பன்னி எங்க மாமா?"

"பௌலியாசிக்குக் குடுத்துட்டேம்மா."

"சும்மாவா?"

"சும்மாதான். ஒரு பாசம்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கொடியில் காய்ந்த அவன் புதுச் சட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரு சட்டையோடு போயிற்றே என்று கெலேபிக்குக் குதிக்கத் தோன்றியது.

திங்கட்கிழமை கப்பல் அவளை ஏற்றிக்கொண்டு போனதும் மகள் சுலியெட்டியை அனுப்பினான். இருபது வயசுப் பெண், கெட்டிக்காரி. சாயங்காலம் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"பன்னி எங்கடி?"

"அத்தை வீட்டுல கட்டியிருக்கேன்."

"அங்க எதுக்குடி கட்டினே?"

"வழியிலதானே வீடு. 'யாரு பன்னிடி இது'ன்னாங்க. 'என்னுது, இப்பதான் மாமாகிட்ட எடுத்தேன்'னேன். 'அப்ப இங்கயே கட்டு'ன்னாங்க. அத்தை கேட்டா நான் மாட்டேங்கலாமா?"

"அது என் பன்னிடி!"

"நீங்கதான் மாமாவுக்குக் குடுத்துட்டீங்களே."

கெலேபி படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் பிள்ளைகளுக்கு அவனைவிட அவன் அக்காதான் பெரியவள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பன்றி மகள் பெயருக்கு மாறினால் அக்கா கைக்குப் போகும் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அக்கா மகளிடம் ஏமாறாமலிருக்கப் பாடுபட்டு அவள் தாயிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறான். போய்ச் சண்டை போடவும் வழியில்லை. அக்கா எதிரில் தம்பி குரலை உயர்த்தக் கூடாது, அவள் இருக்கும் அறைக்குள் காலையே வைக்கக் கூடாது. அவனுக்கு அழுகை வந்தது. தன் மூளையின் மேலேயே ஆத்திரம் வந்தது.

"இன்னொண்ணும் சொன்னாங்கப்பா."

"இன்னும் என்னடி இருக்கு?"

"'என் தம்பி நல்லா வளர்த்திருக்கான். புதன்கிழமை விடியறதுக்குள்ள அவனையே வந்து குழியடுப்பு வெட்டி என் பந்திக்குச் சுட்டுக் குடுக்கச் சொல்லு. வேற யாரு சுட்டாலும் தோலு மொறுமொறுன்னு வராது'ன்னாங்க."

கெலேபி படியிலிருந்து எழுந்தான். பிறகு, மண்வெட்டி எங்கே என்று கேட்டான்.