பக்கவாட்டு வெளிச்சம்

போட்டோக்காரி ஞாயிற்றுக்கிழமை கடலுக்குள் எடுத்துவந்த நாற்பத்து மூன்று படங்களிலும் பனி கொட்டியது. மீன் இருந்தது, பாறை இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், யாரோ மாவுச் சல்லடையைத் தட்டிவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஊரில் பாதிப் பேருக்கு பாஸ்போர்ட் படம் எடுத்துக் கொடுக்கிறவள் அவள். முகத்தில் ஒரு பொட்டு நிழல் விழ விடமாட்டாள். போட்டோக்காரி என்று வீட்டார் வைத்த பட்டப்பெயரே பெயராக நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவளுக்குப் புதிதாக வந்த ஃப்ளாஷ் ஒன்று தண்ணி காட்டியது.

தண்ணீருக்கடியில் போகிற ஃப்ளாஷ் அது. பால் டப்பா அளவு. கேமரா நீர் புகாத கூட்டுக்குள் இருக்கும். ஃப்ளாஷ் வெளியே, மடங்கி நீள்கிற ஒரு கையின் நுனியில். கேமராவின் சின்ன ஃப்ளாஷ் கூட்டுக்குள் மின்னினால், அந்த மினுக்கம் ஒரு மெல்லிய ஒளியிழை வழியாக ஓடி வெளியே இருக்கிற பெரியதை எழுப்பும்.

புதன்கிழமை சாயங்காலம் இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்து அவள் முழித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி கிளினிக்கிலிருந்து வந்தாள். அண்ணி பல் டாக்டர்.

"என்னம்மா, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?"

"பாருங்க அண்ணி, ஒண்ணுகூட உருப்படியில்ல. கடல்ல இருக்கிற தூசி மொத்தமும் என் லென்ஸ் முன்னாடி வந்து நிக்குது."

அண்ணி பையைக்கூட இறக்காமல் நாலைந்து படங்களைப் பார்த்தாள். "லைட்டை எங்க வச்சிருந்த?"

"லென்ஸுக்கு மேல. மீனைப் பாத்து நேரா."

"நான் வாய்க்குள்ள நேரா லைட் அடிச்சா பல்லா தெரியும்? எச்சில்தான் பளபளன்னு தெரியும். கொஞ்சம் ஓரமா சாய்ச்சுக்குவேன். நீயும் தள்ளி வையேன்."

போட்டோக்காரிக்குச் சுருக்கென்றது. கண்ணாடி போட்டவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்தால் அவளே விளக்கை ஓரமாகத் தள்ளுகிறவள்தானே? தண்ணீருக்குள் இறங்கியதும் அந்த அறிவு எங்கே போயிற்று? அதுவும் நீச்சல் தெரியாத அண்ணி சொல்லித் தெரியவேண்டியிருக்கிறது!

இருவரும் குளியல் தொட்டியை நிரப்பினார்கள். கடல் தூசிக்குப் பதிலாக இரண்டு சிட்டிகை மாவு. மீனுக்குப் பதிலாக, அண்ணியின் பையிலிருந்து வந்த ஒரு பல்செட்டு. போட்டோக்காரி முழங்கைவரை நனைந்து பொத்தானை அமுக்கினாள். ஃப்ளாஷ் அசையவில்லை. இன்னொரு தரம். ஊஹும்.

"இது தூங்குதா, செத்தேபோச்சா?" என்றாள் அண்ணி.

அதற்குள் கதவு தட்டப்பட்டது. "ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க? நான் குளிக்கணும்" என்று அண்ணன் குரல்.

"பல்லைப் படம் புடிக்கிறோம்!" என்றாள் அண்ணி.

"சரி, முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று செருப்புச் சத்தம் நகர்ந்தது.

போட்டோக்காரி கூட்டை மறுபடி உற்றுப் பார்த்தாள். கேமராவின் சின்ன ஃப்ளாஷை மேலே தூக்கிவிடாமலே கூட்டை மூடியிருக்கிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்து, திறந்து, தூக்கிவிட்டு, ரப்பர் வளையத்தில் முடி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து மூடினாள். இந்தத் தடவை குளியலறையே வெளுத்தது.

நேராக அடித்தபோது அதே பனி. கையை நீட்டி ஃப்ளாஷை இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி, அதன் முகத்தை வெளிப்புறமாகக் கொஞ்சம் திருப்பி, வெளிச்சத்தின் ஓரம் மட்டும் படும்படி வைத்தாள். பனி அநேகமாகக் காணாமல் போய், பல்வரிசை பளிச்சென்று சிரித்தது. அண்ணி ஈரக்கையோடு கைதட்டியதில் இருவர் முகத்திலும் மாவுத் தண்ணி.

"என் வைத்தியம் பலிக்குதான்னு நானே வந்து பாக்கணும்" என்று அடுத்த ஞாயிறு அண்ணி படகில் ஏறிக்கொண்டாள்.

படகை நங்கூரமிட்டுவிட்டு, போட்டோக்காரியும் படகுக்காரரும் காற்று சிலிண்டர்களோடு கீழே இறங்கினார்கள். பாறை இடுக்கில் ஒரு கடல் விலாங்கு தலையை நீட்டி வாயைப் பிளந்திருந்தது. அதன் வாய்க்குள்ளேயே ஓர் இறால், பல் பல்லாகக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஆழத்தில் சிவப்பு நிறம் எடுபடாது; வெறும் கண்ணுக்கு இறால் அழுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. போட்டோக்காரி மூச்சை மெதுவாக விட்டு, ஃப்ளாஷை ஓரமாகத் தள்ளி எடுத்தாள். முதல் படத்தில் விலாங்கின் மூக்கு வெளிறிவிட்டது. வெளிச்சத்தைக் குறைத்தாள். இரண்டாவதில் இறால் உள்ளே நழுவிவிட்டது. விலாங்கு நல்ல பொறுமைசாலி, வாயை மூடவேயில்லை. மூன்றாவது படத்தில் ஒரு தூசியில்லை. இறால் உடம்பு செக்கச்செவேல் என்று, முதுகில் வெள்ளைக் கோட்டோடு நின்றது. வாயில் மூச்சுக்குழாய் இருந்ததால்தான் அவள் கத்தவில்லை.

மேலே வந்தால், அண்ணி படகின் பலகையில் சுருண்டு கிடந்தாள். கடல் அவளை ஒரு வழி பண்ணியிருந்தது.

"அண்ணி, இதைப் பாருங்க."

ஒற்றைக் கண்ணைத் திறந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அடேயப்பா! என்ன அழகா வாயைத் திறந்திருக்கான்! என்கிட்ட வர்றவங்க ஒருத்தர்கூட இப்படித் திறக்கிறதில்ல." படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். "கீழ்வரிசையில ரெண்டாவது ஆடும்போல இருக்கே. பாவம் அந்த எறா, கூட ஒரு ஆள் இல்லாம தனியா பாக்குது."

படகுக்காரர் சிரித்துக்கொண்டே கரைப்பக்கம் திருப்பினார். உப்பு போக அலச நல்ல தண்ணீர் வாளியை இழுத்துவைத்து, போட்டோக்காரி கேமராவுக்குக் கை நீட்டினாள்.

"இரு, இரு," என்றாள் அண்ணி, "மேல்வரிசை இன்னும் பாக்கல."