அபூ ஸைத்தூன் பிறந்த கிழமை

1.

இந்தக் கதை கரண்ட் போனதால் பிறந்தது. போட்டாதாங் துறைக்குப் பக்கத்தில் அப்துல் பாரியின் டீக்கடை. அங்கே டிவியில் பலஸ்தீனத் தலைவர் ஒருவரைப் பற்றிச் செய்தி. “இவருடைய வாழ்க்கை...” என்று அறிவிப்பாளர் பர்மியில் தொடங்கினார், படம் அணைந்தது. ரங்கூனில் போன கரண்ட் எப்போது வரும் என்று கேட்பவன் வெளியூர்க்காரன். கடையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இந்த வட்டாரத்தில் பாதியில் நின்றவற்றை முடித்துவைப்பது என் வேலை.

படத்தில் இருந்தவரின் பெயர்கூட என் காதில் விழவில்லை. ஆகவே என் ஆளை நானே செய்துகொண்டேன். அபூ ஸைத்தூன், ஒலிவ மரத்தின் தகப்பன். (பலஸ்தீனம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒலிவம்தான். வேறு மரம் தெரிந்த வாசகர்கள் மாற்றிக்கொள்ளலாம்.)

2.

முதல் தொடக்கம்: “அகதி முகாமில், ஒழுகும் கூடாரத்தில், மழை கொட்டிய ஓர் இரவில்...” அடித்துவிட்டேன். தலைவர்கள் எல்லாரும் மழையில்தான் பிறக்கிறார்கள்.

இரண்டாவது: “துப்பாக்கியை அவர் முதன்முதலில் தொட்டபோது அது” என்பதோடு நிற்கிறது. அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். வாலிபத்தில் அவர் தலைமறைவாகக் கப்பலேறி எங்கள் துறைக்கே வந்தார். அப்போது நான் கிடங்கில் எடை எழுதுகிறவன். பருப்பு மூட்டை ஒன்று தராசை அளவுக்கு மீறி அமுக்கியது. உள்ளேயிருந்து ஒரு குரல் ஸலாம் சொன்னது. நானும் பதில் சொன்னேன், எடையைப் பருப்பு என்றே எழுதினேன். (நம்பாதவர்கள் அந்தத் தராசைக் கேட்கலாம். தராசு இப்போது இல்லை.)

3.

ஊர் திரும்பினார், பிடிபட்டார். சிறையில் காவலர்களின் மொழியை அவர்களிடமே கற்று, கைதிகளுக்காக அவர்களோடு வாதாடினார். கடைசியில் காவலர்களே தங்கள் சம்பள வழக்குக்கு அவரிடம் மனு எழுதி வாங்கினார்கள். கைதிகளுக்குப் போர்வை கேட்டு உண்ணாவிரதம் இருந்தபோது உடம்பு அவ்வளவு இளைத்துவிட்டது, விசிறி சுழன்றால் கூரையில் போய் ஒட்டிக்கொள்வார். காலில் நூல் கட்டி இழுத்துப்பிடித்தார்கள். போர்வை வந்தது. தன் போர்வையைப் பக்கத்து அறைக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் பொய் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது.

4.

அப்துல் பாரி டீயை மேலிருந்து ஊற்றி ஆற்றியபடியே கேட்டான்.

“துப்பாக்கி தூக்கினவருன்னா யாரையாவது சுட்டிருப்பாருல்ல, சயா? அத மட்டும் ஏன் மூட்டைக்குள்ளயே வெச்சிருக்கீங்க?”

சயா என்றால் பர்மியில் வாத்தியார். நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை, வயதுக்காகச் சொல்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. சுட்டார் என்றுதான் எழுத வேண்டியிருந்தது. ஓர் எல்லைக்காவலன் விழுந்தான். அவன் முகம் சிறை முழுக்க அவரோடு வந்தது. விடுதலையான பிறகு இயக்கத்தில் பெரிய பொறுப்பு. ஒரு நாள் மேலிடம் பயணிகள் பஸ் ஒன்றைக் குறியாகக் காட்டியது. அவர் சொன்ன பதில்: “பஸ்ஸில் போகிறவனோடு எனக்குச் சண்டை இல்லை.” இயக்கம் அவரைத் துரோகி என்றது. எதிரி அவரை நம்பவில்லை. இரண்டு பக்கமும் தேடும் மனிதராக அவர் தேர்தலில் நின்று ஜெயித்து, முகாமுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவந்தார்.

வெளியே சூலே பக்கம் போகிற பஸ் ஒன்று ஆளை அடைத்துக்கொண்டு போனது. அப்துல் பாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

5.

கடைக்கு எதிரே காளியம்மா சமூசாவைப் பிய்த்து, கோஸும் புதினாவும் போட்டுப் பிசைந்து விற்கிறாள். அவள் மகன் மோகன் தாய்லாந்து எல்லையில் மேசொட்டில் கோழித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். எங்கள் வார்டில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கத் தொடங்கியதும் காணாமல் போன பையன்கள் எல்லாருக்கும் அங்கே கோழி வேலை கிடைத்துவிட்டது. ராணுவத்தை எதிர்ப்பவர்கள் போய்ச் சேரும் காடு என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை.

ஒரு நாள் எண்ணெய்க் கையோடு வந்து கேட்டாள்.

“அண்ணே, அந்த மனுஷன் என்ன கெழம பொறந்தாரு?”

இந்த ஊரில் ஆளைத் தெரிய வேண்டுமானால் கிழமை தெரிய வேண்டும். பகோடா என்கிற புத்தர் கோயிலில் கிழமைக்கு ஒரு மூலை, புதனுக்கு மட்டும் இரண்டு. புதன் மத்தியானத்துக்கு மேல் பிறந்தவன் ராகு மூலைக்காரன். படுகிற பாட்டுக்குப் பொருத்தமாயிருக்கும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். “புதன், சாயந்தரம்.”

“எங்க மோகனும் ராகு மூலதான்,” என்றாள். போய்விட்டாள்.

பிறகு அப்துல் பாரி சொல்லித்தான் தெரியும். காலையில் கடை போடுமுன் சூலே பகோடாவுக்குப் போய், ராகு மூலைச் சிலைக்கு மகன் பேரில் தண்ணீர் ஊற்றுகிறவள், இப்போது அபூ ஸைத்தூன் பேரிலும் ஊற்றுகிறாள்.

“முஸ்லிம் ஆளுக்கு புத்தர் கோயில்ல ராகு பூசை,” என்றான். “அதுவும் இல்லாத ஆளுக்கு. நீங்க எங்க போய் நிக்கப்போறீங்களோ, சயா.”

6.

முடிவை நாளைக்குச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். மறுநாள் காளியம்மா கடையைப் போடவில்லை. என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவருக்கு என்ன ஆகிறது என்றாள். இப்படிப்பட்டவர்களின் முடிவு உலகத்துக்கே தெரிந்ததுதானே என்று ஆரம்பித்தேன்.

“நீங்க கட்டிச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும்ணே. நான் பைத்தியக்காரி இல்ல. மோகன் போயி மழக்காலமே முடிஞ்சிருச்சு, ஒரு போன் இல்ல. அந்த மூலையில ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஊத்துறேன். ஒருத்தருக்கு மட்டும் எப்படிண்ணே நிறுத்துறது?”

என் பையில் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) குடிநீர்க் குழாயைத் திறந்துவைத்துவிட்டு அவர் காரில் ஏறுகிறார். வானத்தில் ஒரு சிறு இரைச்சல்...

(ஆ) முதுமை, ஒலிவ நிழல், பேரப்பிள்ளைகள். இதை முன்கூட்டியே கேட்ட அப்துல் பாரி, “டீக்கு உள்ள சக்கரை போதும், சயா,” என்று சொல்லியிருந்தான்.

(இ) ஒரு நாள் காணாமல் போனார், இன்றுவரை தகவல் இல்லை. இலக்கியத்துக்கு இது அழகு. எதிரே இருந்தவளுக்கு இது தினமும் விடிகிற காலை.

அப்போது கரண்ட் வந்தது. டிவி தானாக எரிந்து, செய்தி வாசிப்பவர் யாருடைய பெயரையோ சொல்ல வாயைத் திறந்தார். அப்துல் பாரி போய் பிளக்கைப் பிடுங்கினான். வந்த கரண்டை ரங்கூனில் ஒருவன் தன் கையால் நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன். இதில் மட்டும் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

7.

அபூ ஸைத்தூன் குழாயைத் திறந்துவைத்துவிட்டார். காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறார். சட்டை நனைந்திருக்கிறது. தெருமுனை வந்துவிட்டது, இன்னும் திரும்பவில்லை. அதோடு பேனாவை மூடிவிட்டேன்.

முடிவு வேண்டுமென்கிற வாசகர் தாராளமாக எழுதிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு வேலை இருக்கிறது. காலையில் சூலே பகோடாவில், வடமேற்கே ராகு மூலையில், இரண்டாவது குவளையை முகந்துகொண்டு ஒருத்தி நிற்பாள். எழுதியதை அவளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.