கட்டம் தேர்ந்தெடுத்த வகுப்பு

உலக வரலாறு திசை மாறிய அந்தச் சனிக்கிழமை காலையில், தாம் படிக்கவேண்டிய பயிற்சி வகுப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகக் கட்டம் அறிவித்தார். கேட்க மனைவி மட்டுமே இருந்தாள். அவளும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

எதைக் கேட்டாலும் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து காட்டுவதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். இந்த வருஷமாவது, நிறுவனத்தின் மொத்தக் கணினி அமைப்பையும் வடிவமைக்கும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் வேலைக்கான சான்றிதழ் வாங்காவிட்டால், தலைமைப் பதவி அவருடைய உதவியாளருக்குப் போய்விடும். அதனால் பதினேழு வகுப்புகளை ஒப்பிட்டு, சுவர் நீளத்துக்கு ஓர் அட்டவணை ஒட்டியிருந்தார்.

"அட்டவணை எதைச் சொல்லுது?"

"அட்டவணையை விடு. இங்க படிச்சவர் ஒருத்தர் எழுதியிருக்கார் பாரு. 'இந்த வகுப்பு என் சிந்தனையையே புரட்டிப் போட்டது.' என்ன ஒரு தெளிவு! இப்படிப்பட்ட ஆளை உருவாக்கின இடம் லேசுப்பட்டதா?"

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அந்தப் பாராட்டுக்குப் பக்கத்தில் இருந்த புகைப்படத்தில், ஜன்னல் வழியே எதிர்காலத்தை உற்றுப் பார்க்கும் ஒருவருடைய முதுகு தெரிந்தது.

"ஏங்க, இது நான் தைச்ச திரைச்சீலை. முதுகும் நம்ம வீட்டு முதுகுதான்."

கட்டம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நான் அங்க படிச்சு மூணு வருஷம் ஆச்சு. அப்ப அந்த நிறுவனத்துக்கு வேற பேரு," என்றார். "அஞ்சு நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினாத்தான் வகுப்பை முடிச்சதுக்குச் சீட்டு தருவோம்னாங்க."

அந்த வகுப்பை முடித்து எழுதிய தேர்வில் அவர் பெயில்.