வேனில் இடமில்லை என்றார்கள்

பாங்காக்கில் நடந்த தையல் இயந்திரக் கண்காட்சிக்குத் திருப்பூரிலிருந்து போன பதினோரு பேரில் தெய்வாத்தாள் ஒருத்திதான் பெண். வீரபாண்டியில் அவளும் கணவர் சாமியப்பனும் இருபது மெஷின் போட்டுக் குழந்தைகளுக்கு ஜட்டி தைக்கிறார்கள். புறப்பட வேண்டியவர் அவர்தான். முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டதால், "நீயே போய்ப் பாத்துட்டு வா. மெஷின்ல உக்கார்றவ நீதான" என்று அனுப்பி வைத்தார்.

முதல் நாள் காலை ஓட்டல் வாசலில் வேன் நின்றது. மற்ற ஒன்பது பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். குழுவைக் கூட்டி வந்த தீனதயாளன் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"வேன்ல இடமில்லீங்க. நீங்க ரூம்ல ரெஸ்ட் எடுங்க. நோட்டீஸெல்லாம் வாங்கியாந்து தர்றோம்."

"நோட்டீஸ் பாக்கறதுக்கா பிளைட் ஏறி வந்தனுங்க?"

"புது ஊருங்க, பாஷை தெரியாது. தனியா வெளிய போயிராதீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நாந்தான் பதில் சொல்லோணும்."

வேன் கிளம்பியது. உள்ளே யாரோ சிரித்தது கேட்டது. தெய்வாத்தாளுக்கு முகம் சுட்டது. அறைக்குத் திரும்பவில்லை. நேராக வரவேற்பு மேசைக்குப் போய்க் கண்காட்சி அழைப்பிதழைக் காட்டினாள். அங்கிருந்த பெண் ஓட்டல் அட்டையின் பின்புறம் இறங்க வேண்டிய ரயில் ஸ்டேஷன் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் எழுதி, மூன்றாம் வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்று மூன்று விரலைக் காட்டினாள்.

தெருவில் நூறடி நடப்பதற்குள் சலவைச் சட்டைக்காரன் ஒருவன் எதிரே வந்து சிரித்தான். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "டுடே குளோஸ்டு" என்றான். பட்டுக்கடைக்குக் கூட்டிப் போகிறேன் என்று பக்கத்தில் நின்ற ஆட்டோவைக் கைகாட்டினான். அவளும் நம்பி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். பூட்டிய இடத்துக்கா பத்துப் பேர் வேனில் போனார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. காலை எடுத்தாள். அவன் விடாமல் பின்னாலேயே வந்தான்.

"முடியாதுன்னா முடியாதுங்க!"

கோபத்திலும் அந்த 'ங்க' விழுந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் விலகிப் போனான்.

ஸ்டேஷனில் டிக்கெட்டுக்குப் பதில் காசு மாதிரி கறுப்புப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று வந்தது. முன்னால் போனவர் செய்ததைப் பார்த்து அதைக் கதவில் வைத்துக் காட்டி உள்ளே போனாள். ஏறியது எதிர்த்திசை ரயில். இரண்டு ஸ்டேஷன் தாண்டித்தான் தெரிந்தது. இறங்கிக் காவலாளியிடம் அட்டையை நீட்டினாள். அவர் எதிர்ப்பக்கம் வரை கூடவே வந்து ஏற்றிவிட்டார்.

கண்காட்சிக்குள் நுழைந்தபோது திருப்பூர்க்காரர்கள் யாரையும் காணோம். அவள் தேடி வந்த எலாஸ்டிக் தைக்கும் மெஷினை ஒரு இளைஞன் ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தான். நடுநடுவே தையல் விட்டுப்போனது. ஊசியைத் தொட்டுக் காட்டி, துணியை இழுத்துக் காட்டி, இழுபடும் துணிக்கு ஏற்ற வேறு ஊசி மாட்டச் சொன்னாள். மாட்டினான். அவளே உட்கார்ந்து ஓட்டினாள். ஒரு தையல்கூடத் தவறவில்லை. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

டிராபிக்கில் மாட்டி வேர்த்துப்போய் வந்த தீனதயாளன் அந்தக் கூட்டத்தில்தான் அவளைப் பார்த்தார்.

"எப்படி வந்தீங்க?"

"ரயில்லீங்க."

"அவ்வளவு சொல்லியும் கேக்கலியே! ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஏதாச்சும் ஆனாலும் நான் பாத்துக்கறனுங்க. காலைல உட்டுட்டுப் போறப்ப இல்லாத அக்கறை இப்ப எதுக்குங்க?"

மறுநாள் காலை வேனில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. "ஏறுங்க" என்றார்கள். "நீங்க போங்க, உங்களுக்கு முன்னால நான் அங்க போய் நிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் ஊரில் தெரிந்த பெண்ணான முதலிபாளையத்து ஜனனிக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். ஜனனி அடுத்த மாதம் இதே ஊருக்கு வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவள்.

"கண்ணு, ஓட்டல் கார்டு எப்பவும் கைல இருக்கோணும். போற இடத்த அவங்க எழுத்துல எழுதி வாங்கிக்க. மூடியிருக்குதுன்னு தெருவுல எவன் சொன்னாலும் நம்பாத, போய்க் கண்ணால பாரு. டாக்சில மீட்டர் போடலீனா இறங்கிரு. கோயிலுக்குப் போனா தோளும் முட்டியும் மூடியிருக்கோணும். நம்ம சுடிதார் போதும். தப்பான ரயில்ல ஏறிட்டா அழுகாத, இறங்கி எதிர்ப்பக்கம் ஏறு. ஊட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னு இழுக்காத. டிக்கெட்டப் போடு."

அனுப்பிவிட்டு, ஆற்றுப் படகில் போய்ப் பார்க்கப் படகுத்துறைக்கு எது வழி என்று கேட்கக் கீழே வரவேற்பு மேசைக்கு இறங்கினாள்.