பனியில் சிரித்த மாமன்

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் வீரபாண்டிக்கு டியூட்டியில் குளிர்தான். துபாயில் ஒரு பெரிய மாலுக்குள், கூரை போட்டுக் கட்டிய பனிமலை அது. ஜனங்கள் மேலேயிருந்து பலகையில் சறுக்கிக்கொண்டு வருவார்கள், விழுவார்கள், விழுந்ததற்கும் சிரிப்பார்கள். அவர்கள் கழற்றிப் போடும் ஈர பூட்ஸையும் ஜாக்கெட்டையும் பொறுக்கி, துடைத்து, காயவைப்பது முதுகுளத்தூர்க்காரன் வீரபாண்டியின் வேலை. வந்து மூன்று வருஷமாகியும் அந்தப் பனியில் அவன் ஒரு தடவைகூடச் சறுக்கியதில்லை.

அத்தனை நாளும் ஊரில் ஒரு காதுகுத்து அவனுக்காகக் காத்துக் கிடந்தது. அக்கா பஞ்சவர்ணத்தின் மகள் தாமரைக்கு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேறொருவன் மடியில் வைத்தால் அக்காளுக்கு அதைவிட அவமானம் உண்டா? ஒரு வயதில் நடக்க வேண்டியது, லீவு கிடைக்காமல் மூன்று வயதுக்குத் தள்ளிப்போனது. அப்போதும் ஆள் குறைவு என்று கம்பெனி விடவில்லை. "ஒந் தம்பிக்கு ஒறவு கசந்துருச்சாக்கும்" என்று மாமியார் குத்திக்காட்ட, "எந் தம்பி அங்க மூச்சு விட நேரமில்லாம ஒழைக்கிறான்" என்று பஞ்சவர்ணம் ஒற்றையாளாக மல்லுக்கு நின்றாள்.

ஒருநாள் விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். பார்த்தால் பனிமலையில் கூட்டமே இல்லை. சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மான் வேலையாட்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"யல்லா, சீக்கிரம், எல்லாரும் கஸ்டமர் ஜாக்கெட்ட மாட்டுங்க. பாக்க ஜாலியா இருக்கணும், என்ன?"

உத்தரவு போட்டால் சந்தோஷம் வருமா? வந்துவிட்டதே! ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து ஒரே சறுக்கு. வீரபாண்டி வாய்விட்டுக் கத்தினான். ரூமில் கூடத் தங்கியிருக்கும் விஜயபாஸ்கர்மேல் பனியை அள்ளி எறிந்தான். இந்த நாட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் மனுஷனாகச் சிரித்தான், பாவம். போட்டோக்காரர் அந்தச் சிரிப்பைப் பிடித்து அவனுக்கும் ஒரு பிரிண்ட் கொடுத்தார்.

வாங்கியவன் அதைப் பெட்டிக்குள் பூட்டியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஊருக்குக் கிளம்பிய விஜயபாஸ்கரிடம், "அக்காகிட்டக் குடுத்துருண்ணே. மாமன் பனிமலையில நிக்கிறதத் தாமர பாக்கட்டும்" என்று கொடுத்துவிட்டான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். அந்த மடையனுக்கு அடுத்தவர் கண் எப்படிப் பார்க்கும் என்று தோன்றவே இல்லை.

கொஞ்ச நாளில் கலீலுர் ரஹ்மான் அவனைக் கூப்பிட்டார். "ஒன் படந்தான் நல்லா வந்துருக்குன்னு மேனேஜருக்கு ஏக குஷி. இந்த நேரம் பாத்து ஒன் லீவக் கேட்டேன், சரின்னுட்டாரு. அடுத்த மாசம் போய்ட்டு வா."

வீரபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று போனைப் போட்டான்.

"அக்கா, லீவு கெடச்சிருச்சுக்கா! காதுகுத்துக்கு நாளப் பாரு!"





"காது குத்தியாச்சு, பாண்டி. போன வெள்ளிக்கிழம."

"யாரு மடியில?"

"பெரியப்பா மகன் ரெங்கராஜ் மடியில."

வரப்புத் தகராறில் இவர்கள் அப்பாவைக் கைநீட்டி அடித்தவன் ரெங்கராஜ். அவன் வாசல் மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டவள் பஞ்சவர்ணம். வீரபாண்டிக்கு நெஞ்சு எரிந்தது.

"அவன் வீட்டுக்கா போன?"

"போனேன். கால்ல விழாத கொறையாக் கூப்பிட்டேன். ஒம் படத்த எம் மாமியா தெருவுக்கே காட்டுச்சு. 'மூச்சு விட நேரமில்லாத தம்பியப் பாருங்கடி'ன்னு. நா எங்க கொண்டுபோயி மூஞ்சிய வைக்கிறது?"

"சத்தியமா அது கம்பெனில எடுக்கச் சொன்ன படம்க்கா."

"சிரிக்கவுமா சொன்னாக?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். சொல்லத்தான் செய்தார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அவனுக்கென்று கிடைத்தது அந்த ஒரு சிரிப்பு. அதையும் கம்பெனி கணக்கில் எழுத அவனுக்கு மனசு வரவில்லை.

"இல்லக்கா" என்றான். "அது நானாத்தான் சிரிச்சேன்."

பஞ்சவர்ணம் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. மறுநாள் அவன் கலீலுர் ரஹ்மானிடம் போய், லீவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் பாய் என்றான்.